இருநூறு மீட்டர்

அத்தியாயம் 9

விழுந்து பன்னிரண்டு நாளாகியும் ஜெயமணியின் வலது முழங்கால் வீக்கம் வற்றவில்லை. மூலிகை எண்ணெய்க் கட்டு இரண்டு தடவை மாற்றிப் பார்த்தாகிவிட்டது. காலை மடக்கவும் முடியவில்லை, முழுதாக நீட்டவும் முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டே அடுப்படிக்கும் பாத்ரூமுக்கும் போய் வந்தாள்.

அந்தப் பன்னிரண்டு நாளும் அவள் மகன் கௌதம், அம்மாவின் முகத்தை நேராகப் பார்க்காமலே சமாளித்தான். சாப்பிடும்போது போனைப் பார்த்தான். கிளம்பும்போது வண்டிச் சாவியைத் தேடினான். அது அவன் சட்டைப் பையிலேயே இருக்கும்.

போன அத்தியாயத்தில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். கௌதம் ஜூனியர் இன்ஜினியராக இருக்கும் உதிரிபாகக் கம்பெனியில் ஆண்டு விழா. ஊழியர்களின் குடும்பத்தாரும் ஓடலாம் என்று ஐந்து கிலோமீட்டர் ஓட்டம் வைத்திருந்தார்கள். "நீ வராதம்மா" என்று கௌதம் சொல்லியிருந்தான். "நாப்பத்தேழு வயசுல ஓடி யாருக்குக் காட்டப் போற?" என்று கணவர் கருப்பசாமி கேட்டிருந்தார். இரண்டு பேரையும் மீறி, ரோஜாப் பண்ணையில் தன்னோடு வேலை பார்க்கும் நாராயணம்மாவைக் கூட்டிக்கொண்டு ஜெயமணி போய்விட்டாள். இடுப்பில் மகள் மோகனப்ரியாவின் டிராக் பேண்ட். மேலே கணவரின் முழுக்கைச் சட்டை. ஓட்டம் முடிய இருநூறு மீட்டர் இருக்கும்போது, யாரோ குடித்துவிட்டுப் போட்ட காகித டம்ளரை மிதித்து வழுக்கி, முழங்கால் திருகி விழுந்தாள்.

வீட்டுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அந்த நேரத்தில் கௌதம் மைதானத்தின் மறுகோடியில் சாப்பாட்டு ஸ்டாலில் இருந்தானாம். அவனே சொன்னது.

அவன் ஸ்டாலில் இல்லை. அம்மா விழுந்த இடத்திலிருந்து பத்தடி தள்ளி நின்றுகொண்டிருந்தான். பக்கத்தில் அவனோடு வேலை பார்க்கும் மோகன்குமார் போனில் வீடியோ எடுத்தபடியே, "மச்சி, யாருடா அந்தம்மா? வீட்டுக்காரர் சட்டையை மாட்டிட்டு வந்திருச்சு போல!" என்று சிரித்தான்.

"தெரியலடா" என்றான் கௌதம்.

சொல்லிவிட்டு அவனும் சிரித்தான்.

*

காலை ஏழு மணிக்கு மோகனப்ரியா அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே அண்ணன் முன்னால் வந்து நின்றாள். அவள் செல்போன் பாகங்கள் பூட்டும் கம்பெனியில் அசெம்ப்ளி லைனில் வேலை பார்க்கிறாள். வேன் வந்துவிடும்.

"எனக்கு லீவு கெடைக்கல. நீதான் கூட்டிட்டுப் போகணும். பத்து மணிக்கு அப்பாயிண்ட்மெண்ட். பாகலூர் ரோட்டுல, ரெண்டாவது மாடி, லிஃப்ட் இருக்கு. நேத்து எடுத்த ஸ்கேனை மறந்துடாத."

"அது ஸ்போர்ட்ஸ் ஆளுங்க போற எடமாச்சே" என்றார் கருப்பசாமி. நீல யூனிஃபார்ம் சட்டையோடு பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தார். "உங்கம்மாவுக்கு எதுக்கு? எலும்பு டாக்டர்ட்ட போனாப் பத்தாதா?"

"ஓடித்தானேப்பா விழுந்தாங்க."

கருப்பசாமி அவசரமாக எழுந்தார். டிபன் பாக்ஸை எக்ஸ்எல் வண்டியில் மாட்டிக்கொண்டு வழக்கத்தைவிடக் கால் மணி நேரம் முன்னாலேயே வேலைக்குக் கிளம்பிவிட்டார்.

மத்திகிரியிலிருந்து ஆட்டோ. ஜெயமணி பின் சீட் முழுக்கக் காலை நீட்டி உட்கார்ந்தாள். கௌதம் டிரைவர் பக்கத்தில் ஒட்டிக்கொண்டான்.

"வலிக்குதாம்மா?" என்று கண்ணாடியைப் பார்த்துக் கேட்டான்.

"இல்லய்யா. குழியில எறங்குறப்ப மட்டுந்தான்."

ரோட்டில் குழிக்குக் குறைவில்லை. ஒவ்வொன்றிலும் அவள் சீட் கம்பியை இறுகப் பிடிப்பது கண்ணாடியில் தெரிந்தது. அவன் ரோட்டைப் பார்க்கத் தொடங்கினான்.

*

ஆஸ்பத்திரி என்றால் ஜெயமணிக்குத் தெரிந்தது இருமலும் அழுகையும். இந்த இடம் வேறு மாதிரி இருந்தது. தலை முழுக்க நரைத்த ஒருவர் பேட்மிண்டன் மட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கணுக்காலில் பட்டை சுற்றிய பள்ளிக்கூடப் பெண் ஒருத்தி அவள் அம்மாவோடு கன்னடத்தில் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை கபடி ஆட விடு, விடமாட்டேன் என்று சண்டை.

வரவேற்பில் ஒரு படிவம் கொடுத்தார்கள். கௌதம் வாங்கி நிரப்பினான். பெயர், வயது, முகவரி. 'விளையாட்டு' என்றொரு கட்டம். அவன் பேனா ஒரு நொடி நின்றது. 'இல்லை' என்று எழுதினான். 'அடிபட்ட விதம்' என்ற இடத்தில், 'நடக்கும்போது தடுக்கி விழுந்தது.'

சக்கர நாற்காலியில் ஒருவர் அவர்கள் பக்கம் உருட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார். முப்பது வயது இருக்கும். அகன்ற தோள். வலது தோளில் ஏதோ பசை நாடா ஒட்டியிருந்தது. வலது கால் முழங்காலோடு முடிந்திருந்தது.

"அக்கா, நீங்க என்ன ஈவண்ட்டு?" என்றார் சர்வசாதாரணமாக.

ஜெயமணிக்குக் கேள்வி புரியவில்லை. மகனைப் பார்த்தாள்.

"என்ன வெளாட்டுன்னு கேட்டேங்க்கா. நான் பாஸ்கெட்பால். சேரில ஒக்காந்துகினே ஆடறது. பேரு பிரதாப். குருபரப்பள்ளில மொபைல் கடை வெச்சிருக்கேன். தோளு போயிடுச்சு, ஆறு வாரமா வந்துகினு இருக்கேன்."

ஜெயமணியின் முகத்தில் பன்னிரண்டு நாளாக இல்லாத ஏதோ ஒன்று வந்தது.

"அஞ்சு கிலோமீட்டர்" என்றாள் மெதுவாக.

"டைம் எவ்ளோ?"

"முப்பத்தி நாலு நிமிசத்துல முடிச்சிருக்கேன் ஒரு தடவ. பண்ணை ரோட்டுல."

"முப்பத்தி நாலா!" பிரதாப் கௌதமிடம் திரும்பினார். "ப்ரோ, உங்கம்மாவா? சூப்பரா ஓடறாங்களே. நீங்களும் ஓடுவீங்களா?"

கௌதம் இல்லை என்று தலையாட்டினான். படிவத்தைத் திருப்பி, எழுதிய பக்கம் தெரியாமல் மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டான்.

*

டாக்டர் சுப்ரியா முதலில் முழங்காலைத் தொடவில்லை. படிவத்தைத்தான் படித்தார்.

"வெளையாட்டு இல்லைன்னு போட்டிருக்கு. நடக்கும்போது விழுந்தீங்களா?"

ஜெயமணி மகனைப் பார்த்தாள். அவன் சுவரில் மாட்டியிருந்த எலும்புப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஓடுறப்ப விழுந்தேங்க."

"வாரத்துக்கு எத்தனை நாள் ஓடுவீங்க?"

"ஆறு நாளு. தளி ரோட்டுல பண்ணை வேன் எறக்கி விட்ரும். அங்கன இருந்து பண்ணை ரெண்டு கிலோமீட்டரு. மத்தவங்க நடந்து வருவாங்க. நானும் நாராயணம்மாவும் ஓடிருவோம். சாயங்காலம் திரும்பயும் அப்படித்தான். சனிக்கிழமை கொஞ்சம் சுத்திப் போவோம்."

"எவ்வளவு காலமா?"

"ஒன்றரை வருசமாச்சு."

கௌதம் திரும்பினான். ஒன்றரை வருடம். ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள். அம்மா ஏதோ ஆசைக்கு ஒரு நாள் வந்து ஓடிப் பார்த்தாள் என்றே இதுவரை நினைத்திருந்தான்.

டாக்டர் 'இல்லை'யை அடித்துவிட்டு மேலே 'ஓட்டம்' என்று எழுதினார். பிறகு எழுந்து வந்து, ஜெயமணியைப் படுக்கச் சொல்லி, முதலில் நல்ல காலையும் அப்புறம் வீங்கிய காலையும் மடக்கியும் இழுத்தும் பார்த்தார். உள்பக்கம் ஓரிடத்தில் விரல் அழுந்தியதும் ஜெயமணி, "ம்" என்றாள்.

"விழுந்ததும் யார் தூக்கி விட்டாங்க?"

"யாரும் இல்லங்க. நானா எந்திரிச்சேன்."

"அப்புறம்?"

"நடந்தேன். கோட்டைத் தாண்டணும்ல."

"எவ்வளவு தூரம்?"

"எரநூறு மீட்டர்னு போர்டு வெச்சிருந்தாங்க."

டாக்டரின் கை நின்றது. "இந்தக் காலோடயா? பக்கத்துல ஒருத்தர்கூட இல்லையா?"

கௌதம் ஒரு அடி முன்னால் வந்தான். இப்போது சொல்லிவிடலாம். நான் இருந்தேன் டாக்டர். மூன்றே வார்த்தை.

அவன் வாயைத் திறப்பதற்குள் ஜெயமணி முந்திக்கொண்டாள். "கூட்டம் அந்தப் பக்கம் இருந்துச்சுங்க. நாராயணம்மா முன்னாடி போயிட்டா. இவன் ஸ்டால்ல இருந்தான். பாவம், இவனுக்கு எதுவும் தெரியாது."

வார்த்தைகள் அவசர அவசரமாக வந்தன. கௌதம் மூன்று வார்த்தையையும் விழுங்கினான்.

டாக்டர் ஸ்கேனை விளக்கில் வைத்துக் காட்டினார். முழங்காலின் உள்பக்க ஜவ்வு கிழிந்திருக்கிறது. நடுவில் இருக்கும் முக்கியமான ஜவ்வு தப்பித்திருக்கிறது, அது அதிர்ஷ்டம்.

"நடந்ததாலதான் இவ்ளோ கிழிஞ்சுதுன்னு நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன். விழுந்தப்பவே கிழிஞ்சிருக்கலாம். ஆனா அப்பவே ரெண்டு பேர் தோள் குடுத்து உட்கார வெச்சு, ஐஸ் வெச்சு, அன்னிக்கே காட்டியிருந்தீங்கன்னா, பன்னெண்டு நாளு இப்படி அவஸ்தைப்பட்டிருக்க வேண்டாம்."

பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு ஜெயமணி எதிரில் உட்கார்ந்தார். "சரி, நீங்க சொல்லுங்க. இந்தக் கால் சரியாகி உங்களுக்கு என்ன செய்யணும்?"

ஜெயமணி புடவையை இழுத்து முழங்காலை மூடினாள். கேட்கக் கூடாத எதையோ கேட்கப் போகிறவள் போலத் தலை தாழ்ந்தது.

"வேலைக்குப் போகணும், சமைக்கணும்னு சொல்லணும்னுதான் நெனச்சேன்" என்றாள். "ஆனா ஓடணுங்க. இந்த வயசுல கேக்குறேன்னு தப்பா நெனைக்காதீங்க."

"எதுக்குத் தப்பா நெனைக்கணும்? எழுபது வயசுக்காரர் வெளிய மட்டையோட உட்கார்ந்திருக்காரு, பார்த்தீங்கல்ல?" என்றார் டாக்டர். "உத்தரவாதம் தர மாட்டேன். ஆறு வாரம் பயிற்சி. வீக்கம் வத்தணும், தொடை பலமாகணும். முழங்கால் அசையாமப் பூட்டிக்கிட்டா ஆபரேஷன் யோசிக்கணும். இல்லைன்னா நாலு மாசத்துல மெதுவா ஓட ஆரம்பிக்கலாம். இன்னிக்கே முதல் பாடம் சொல்லிக் குடுத்துடுவாங்க."

*

பயிற்சி அறைக்கு அம்மாவைக் கூட்டிப் போனார்கள். கௌதம் வராந்தாவில் நின்றான். போன் அதிர்ந்தது. மோகனப்ரியா. அவள் கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. டீ இடைவேளையில் லாக்கரிலிருந்து எடுத்திருப்பாள்.

'அண்ணா, அம்மா விழுந்த வீடியோ எங்க லைன் பொண்ணுங்க குரூப்புக்கே வந்திருச்சு. முழுசாப் பார்த்தேன். இத்தனை நாளா ஒண்ணும் தெரியாத மாதிரி எப்படித்தான் வீட்டுல நடமாட முடிஞ்சுதோ! சாயந்திரம் பேசிக்கலாம். அம்மாகிட்ட காட்டாத.'

அவன் இரண்டு முறை படித்தான். காது மடல் வரைக்கும் சூடு ஏறியது. வீடியோவில் தன் குரல் இருக்கும் என்று ஏன் தோன்றவேயில்லை? தெரியலடா. அதைத் தொடர்ந்து அந்தச் சிரிப்பு. தங்கச்சி அதைக் கேட்டிருக்கிறாள். அவள் லைனில் இருக்கும் பெண்கள் கேட்டிருக்கிறார்கள்.

பயிற்சி அறையின் கதவைத் தள்ளினான். ஜெயமணி மெத்தையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டு. அதைக் காலால் கீழே அழுத்த வேண்டும், பத்து எண்ண வேண்டும், விட வேண்டும். சொல்லிக்கொடுத்த பெண் அடுத்த ஆளிடம் போயிருந்தாள்.

"...எட்டு, ஒம்பது, பத்து." விட்டாள். நெற்றியில் வியர்வை.

கௌதம் மெத்தையருகே தரையில் உட்கார்ந்தான்.

"அம்மா, நான் ஸ்டால்ல இல்ல."

அவள் அடுத்த சுற்றுக்குக் காலை அழுத்தினாள். எண்ணவில்லை.

"பக்கத்துலதாம்மா நின்னேன். நீ விழுந்ததைப் பார்த்தேன். மோகன்குமார் யாருன்னு கேட்டான். தெரியலன்னு சொல்லிட்டேன்."

"தெரியும்" என்றாள் ஜெயமணி.

அவன் நிமிர்ந்தான்.

"நீ சொன்னது காதுல விழல. ஆனா ஒன்னையப் பாத்தேன். நீ என்னையப் பாத்ததையும் பாத்தேன். வந்துருவேன்னு நெனச்சு, நான் எந்திரிக்காமக்கூட கெடந்தேன் கொஞ்ச நேரம். அப்பத்தான் நீ ஷூ லேஸ் கட்டுற மாதிரி குனிஞ்ச." அவள் துண்டைச் சரிசெய்தாள். "நீ அன்னிக்குப் போட்டிருந்தது லேஸ் இல்லாத ஷூ. நான்தான் காலைல தொடச்சு வெச்சேன்."

முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் மெத்தையின் ஓரத்தில் நெற்றியை அழுத்தினான். அழுகை வந்தது. எதிர் மெத்தையில் இருந்தவர் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார். ஜெயமணியின் கை வழக்கம்போல அவன் தலைக்கு வரவில்லை. அவன் காத்திருந்தான், வரவேயில்லை.

"டாக்டரம்மாகிட்ட ஏம்மா அப்படிச் சொன்ன?"

"வேத்தாளு முன்னாடி ஒன்னைய விட்டுக் குடுக்க முடியல. வாய் தன்னால சொல்லிருச்சு." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "ஆனா சொன்னப்பறம் எனக்கே கூசுச்சு, கௌதமு. பன்னெண்டு நாளா ஒனக்காகப் பொய் சொல்றேன். இனிமே மாட்டேன். வீட்டுல நீயே சொல்லிரு. ஒங்கப்பாவுக்கும் அவளுக்கும்."

"சொல்றேன்மா."

"சரி, எண்ணு. நான் விட்டுட்டேன், எத்தனைன்னு தெரியல."

அவன் மூக்கைத் துடைத்துக்கொண்டு ஒன்றிலிருந்து எண்ணினான்.

*

சாயந்திரம் மோகனப்ரியா வந்ததும் பையைக்கூட இறக்கவில்லை. ஜெயமணி கட்டிலில் காலைத் தலையணைமேல் உயர்த்திச் சாய்ந்திருந்தாள். அப்பா ஷிஃப்ட் முடிந்து வந்து, ஐஸ் வாங்கிவர ஜூஸ் கடைக்குப் போயிருந்தார்.

அவர் வரும்வரை காத்திருந்தால் தைரியம் போய்விடும் என்று கௌதமுக்குத் தெரிந்தது.

"ப்ரியா, நீ வீடியோவில கேட்டது என் குரல்தான். நான் பக்கத்துலதான் நின்னேன். அம்மாவைத் தெரியாதுன்னு சொன்னவன் நான்தான். அம்மாகிட்ட சொல்லிட்டேன்."

மோகனப்ரியாவின் வாய் திறந்தபடி நின்றது. கோபமாகத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் முகத்தில் வந்தது குழப்பம்.

"நீயுமா?" என்றாள்.

"நீயுமான்னா?"

"அதுல பேண்டு வாத்தியம்தாண்ணா கேக்குது. குரலே கேக்கல. நான் சொன்னது ஒன்னைய இல்ல." சொல்லிவிட்டு அம்மாவைப் பார்த்து உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"காட்டு" என்றாள் ஜெயமணி, கையை நீட்டி.

"வேணாம்மா."

"காட்டுடி."

மூன்று தலைகளும் போனுக்கு மேல் குனிந்தன. ஜெயமணி ஓடி வருகிறாள், வழுக்குகிறாள், விழுகிறாள். தான் விழுவதை அவள் முதல் தடவையாகப் பார்த்தாள். கண்ணை எடுக்கவில்லை. மோகனப்ரியா விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். மைதானத்தின் கம்பி வேலி. வேலிக்கு வெளியே ஒரு டிவிஎஸ் எக்ஸ்எல். அதில் நீல யூனிஃபார்ம் சட்டையில் ஒரு ஆள், ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்க்கிறார். ஜெயமணி விழுந்ததும் அந்தக் கை கம்பியை விடுகிறது. வண்டி திரும்புகிறது. போய்விடுகிறது.

அன்று சாயந்திரம் கருப்பசாமி வீட்டுக்கு வந்து, வீங்கிய காலைப் பார்த்து, "அய்யய்யோ, என்னாச்சு?" என்று கேட்டது மூன்று பேருக்கும் நினைவுக்கு வந்தது.

வாசலில் எக்ஸ்எல் நிற்கும் சத்தம். கருப்பசாமி நீர் சொட்டும் பிளாஸ்டிக் பையோடு உள்ளே வந்தார். "ஐஸ் கேட்டா மொதல்ல இல்லன்னுட்டான்..." என்று தொடங்கியவர், மகள் கையிலிருந்த போனைப் பார்த்தார். அதில் உறைந்து நின்ற படத்தைப் பார்த்தார்.

பை அவர் கையிலேயே இருந்தது.

"பாக்கத்தான் வந்தேன்" என்றார் கடைசியில். "நீ ஓடுறதப் பாக்கணும்னு இருந்துச்சு. வேண்டாம்னு சொல்லிட்டு எப்படி உள்ள வர்றதுன்னு வேலிக்கு வெளியவே நின்னுட்டேன். நீ விழுந்ததும் வண்டியைத் திருப்பிக்கிட்டு மைதான கேட்டுக்குத்தான் வந்தேன், ஜெயா. சத்தியமா வந்தேன். செக்யூரிட்டி நிறுத்திட்டான். யாரைப் பாக்க வந்தீங்க, ஒங்களுக்கு என்ன வேணும்னு கேட்டான்."

"நீங்க என்ன சொன்னீங்க?" என்றாள் ஜெயமணி.

கருப்பசாமி மகனைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். இருபத்தாறு வருடம் கூட வாழ்ந்தவளை மட்டும் பார்க்க முடியவில்லை.

ஜெயமணி அவர் கையிலிருந்த பையை வாங்கினாள். தானே முழங்காலின் மேல் வைத்துக்கொண்டு, சுவரில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"சொல்லுங்க" என்றாள். "எனக்கு ஆறு வாரத்துக்கு எங்கயும் போற சோலி இல்ல."